கண்ணுக்குத் தெரியாத விளக்கோடு ஆமை பார்க்கப் போன கதை

பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏழெட்டு வருட ஆசை. செங்கல்பட்டில் குடியிருந்துகொண்டு, முப்பது கிலோமீட்டரில் கடலை வைத்துக்கொண்டு இத்தனை நாள் போகாததற்குச் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. இந்த வருடம் பிப்ரவரி கடைசி சனிக்கிழமை ஒருவழியாகக் கிளம்பினேன். உண்மையைச் சொன்னால், கிளப்பிவிட்டது ஆமை இல்லை. புதிதாக வாங்கிய ஒரு சாமான்.

இருட்டில் பார்க்கும் ஒற்றைக்கண் தொலைநோக்கி, 14,500 ரூபாய். அதன் தலையில் கட்டைவிரல் தடிமனுக்கு ஓர் அகச்சிவப்பு விளக்கு. அது அடிக்கும் வெளிச்சம் நம் கண்ணுக்குத் தெரியாது, தொலைநோக்கிக்குள் இருக்கிற கேமராவுக்குத் தெரியும். நூறு மீட்டரில் போகிற பூனையை மீசையோடு பார்க்கலாம் என்று விற்றவர் எழுதியிருந்தார். மொட்டை மாடியில் மூன்று ராத்திரி சோதித்தேன். மீசை தெரியவில்லை, பூனை தெரிந்தது. "எதிர் வீட்டுக்காரர் பார்த்தா என்ன நினைப்பார்?" என்று மனைவி கேட்டாள். "அவருக்கு எப்படித் தெரியும்? இதுதான் கண்ணுக்கே தெரியாதே" என்றேன். இத்தனைக்கும் நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறவன். வெட்கக்கேடு, பின்னால் சொல்கிறேன்.

மாலை 4.40க்கு செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், டிக்கெட் 30 ரூபாய். திருக்கழுக்குன்றத்தில் ஓட்டுநர் டீ குடிக்கப் போய்ப் பதினைந்து நிமிடம் காணாமல் போனதால் 6.05க்குத்தான் இறங்கினேன். நான்கு இட்லி, ஒரு வடை, 70 ரூபாய். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே ஒன்பது கிலோமீட்டர், ஆட்டோ 250. ஆட்டோக்காரர் 400 கேட்டார், நான் நடக்க ஆரம்பித்தேன், பின்னாலேயே வந்து 250க்கு இறங்கினார். நான் போன மீனவக் குப்பத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று படித்தால் உங்களுக்கே புரியும்.

சாலை முனையில் கன்னியப்பன் காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். பகலில் மீன்பிடி, ஜனவரியிலிருந்து மார்ச் வரை ராத்திரியில் ஆமைக் காவல். வனத்துறை அனுமதியோடு தினமும் நான்கு கிலோமீட்டர் கரையில் நடந்து, ஆமை இட்ட முட்டைகளை எடுத்துவந்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைப்பார். அந்தக் கரைக்கு அவர் ஒருவர்தான் ஆள். எங்கள் கல்லூரி நூலகருக்குத் தெரிந்தவர் என்பதால் என்னை அழைத்துப்போக ஒப்புக்கொண்டிருந்தார்.

குப்பத்துக்குள் நுழைந்ததும் ஒன்று கவனித்தேன். படகுகள் நிறுத்தியிருக்கும் மணலுக்கு நடுவில் உயரமான விளக்குக் கம்பம், ஆனால் எரியவில்லை. கரைமேல் விளக்கு எரிந்தால் ஆமை ஏறாது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகளோ கடலை விட்டுவிட்டு விளக்கைப் பார்த்து ஊர்ந்து, நாய்க்கும் வெயிலுக்கும் இரையாகும். அதனால் மூன்று மாதம் அணைத்துவைக்க ஊர்க்கூட்டத்தில் கெஞ்சிச் சம்மதம் வாங்கியிருக்கிறார் கன்னியப்பன். சம்மதம் சும்மா கிடைக்கவில்லை என்பதை அஞ்சலை அக்கா வீட்டு வாசலில் தெரிந்துகொண்டேன்.

அஞ்சலை அக்கா மீன் வியாபாரம். போன வருடம் கம்பத்து விளக்கு பழுதாகிக் கிடந்த ஒரு வாரத்தில் அவர் படகின் இன்ஜினை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு இருட்டு என்றாலே ஆகாது.

"ஆம பாக்க வந்துகீறியா? பாரு, பாரு. எங்க இஞ்சின எவன் பாப்பான்?" என்றார் என்னைப் பார்த்து. "இந்தாளு பேச்ச கேட்டுகினு ரெண்டு மாசமா இருட்டுல குந்தினு கீறோம்."

"யக்கா, அதான் கேமரா வச்சிகீதே. அது இருட்டுலயும் பாக்கும். உன் போன்லயே தெரியுது இல்ல?" என்றார் கன்னியப்பன். "ஒரு சாமான் காணாம போச்சின்னா நான் பொறுப்பு. கூட்டத்துல சொன்னனா இல்லியா?"

"சொன்ன, சொன்ன. சொன்னத காப்பாத்து."

படகு வரிசையின் இரு முனையிலும் கம்பம் நட்டு, கம்பத்துக்கொரு கேமரா. விளக்குக்குப் பதில் கேமரா, கேமராவுக்குப் பின்னால் கன்னியப்பனின் வாக்கு. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்தக் கரையை இருட்டாக வைத்திருந்தன.

இரவு 11.30க்குக் கிளம்பும்போது கன்னியப்பன் என் பையைத் திறக்கச் சொன்னார். டார்ச் இருக்கிறதா என்று பார்த்தார். போனை அணைக்கச் சொன்னார். தொலைநோக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா சார்?"

"பைனாகுலர் மாதிரிங்க. இருட்டுல தெரியும்."

"லைட்டு கீட்டு அடிக்குமா?"

"கண்ணுக்குத் தெரியற லைட்டு எதுவும் இல்லீங்க" என்றேன்.

அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. அதுதான் அயோக்கியத்தனம். விளக்கு இருக்கிறது என்று சொன்னால் வாங்கிவைத்துவிடுவார் என்று பயம். அவர் தலையாட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

படகு வரிசையின் வடக்கு முனையில், வெட்டிப்போட்ட சவுக்குக் கட்டைமேல் என்னை உட்காரவைத்தார். "நான் தெக்கால ரெண்டு கிலோமீட்டர் போய் தடம் பாத்துட்டு வந்துடறேன். எங்கியும் போவாத சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மணி 12.10. நிலா இல்லை. என் கையை நானே பார்க்க முடியாத இருட்டு.

ஐந்து நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து விளக்கின் பொத்தானை அழுத்தினேன். அடேயப்பா! சாம்பல் நிறத்தில் ஊரே விரிந்தது. வலையின் கண்கள், படகின் நம்பர், ஓடுகிற நண்டு, படுத்திருந்த நாயின் இரண்டு கண்களும் பொட்டுப் பொட்டாக. இன்னொரு அதிசயம், இருட்டு என்று நினைத்திருந்த அந்த மணல் இருட்டாகவே இல்லை. இரண்டு கேமராக் கம்பங்களும் தெருவிளக்கு மாதிரி கொட்டிக்கொண்டிருந்தன. கேமராவைச் சுற்றியும் இதே அகச்சிவப்பு விளக்குகள்தான். கண்ணை எடுத்தால் கும்மிருட்டு, வைத்தால் திருவிழா. சின்னப்பையன் மாதிரி எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தேன். கேமராவையே நேராகப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

12.40க்கு அவள் வந்தாள். வடக்கே அறுபது அடி தூரத்தில், அலைக்கு மேலே ஒரு கறுப்பு மேடு நகர்ந்தது. இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்து. இன்னும் நன்றாகப் பார்க்கப் படகுகளுக்கிடையே புகுந்து, விளக்கை முழு அளவில் வைத்து அங்கும் இங்கும் வீசினேன். ஆமை மேட்டுக்கு ஏறிப் பின்னங்காலால் தோண்டத் தொடங்கியது.

அப்போது குப்பத்துப் பக்கம் ஒரு கதவு அடித்துத் திறந்தது.

"எவன்டா அவன்! டேய், எழுந்து வாங்கடா! போட்டுக்குள்ள ஆள் பூந்துட்டான்!"

அஞ்சலை அக்காவின் குரல். எனக்கு முதலில் தோன்றியது, ஐயோ, திருடன் வந்துவிட்டான் போல என்று. சத்தியமாக. விளக்கை அணைத்துவிட்டு ஒரு படகின் பின்னால் உட்கார்ந்தேன். பதினைந்து இருபது பேர் போன் வெளிச்சத்தோடு ஓடிவந்தார்கள். இரண்டு பேர் கையில் துடுப்பு.

"வெள்ளையா அட்ச்சிகினு போவுதுடா! போன் பூரா வெள்ள! ஜன்னல தொறந்து பாக்கறேன், ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல. இன்னாத்தயோ வச்சி கேமராவ குருடாக்கறான்!" என்று கத்தினார் அஞ்சலை அக்கா.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இயற்பியல் ஆய்வகமாம்! மனிதக் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும் என்றுதானே அந்தச் சாமானையே வாங்கினேன்? என் கேமராவுக்குத் தெரிந்தால் அவர்கள் கேமராவுக்கும் தெரியாதா? திருடன் நான்தான்.

என்னை யாரும் பார்க்கவில்லை. குனிந்தபடி வடக்கே நடந்தால் பத்து நிமிடத்தில் சாலை. கால் அந்தப் பக்கமே திரும்பி நின்றது, மறைப்பானேன்.

தெற்கிலிருந்து கன்னியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்தார். அஞ்சலை அக்கா அவர் சட்டையைப் பிடித்தார்.

"இன்னா சொன்ன கூட்டத்துல? கேமரா பாத்துக்கும்னு சொன்னியே? இப்ப போறேன், சுவிட்ச போடறேன். இனிமே எந்த ஆமையும் வராட்டியும் பரவால்ல."

"யக்கா, இரு. எவன்னு பாக்கலாம்."

"உன்கூட வந்தானே ஒர்த்தன், அவன் எங்க? அவன் லைட்டு அட்ச்சானா?"

"சார் கையில லைட்டே இல்லக்கா. பைய நானே தொறந்து பாத்தேன். அவரு மேல சொல்லாத, பாவம் வரும்."

அதைக் கேட்டபிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. 'பைய நானே தொறந்து பாத்தேன்' என்ற அந்தச் சொல்தான் எழுப்பியது. கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். "நான்தாங்க. அந்த வெளிச்சம் என்னோடது" என்றேன். நான்கைந்து போன் வெளிச்சம் முகத்தில் அடித்தது. துடுப்பு வைத்திருந்தவர் என் கழுத்துப்பட்டையைப் பிடித்தார்.

"இன்னா வெளிச்சம்? காட்டு" என்றார் அஞ்சலை அக்கா.

எல்லாரையும் போன் வெளிச்சத்தை அணைக்கச் சொல்லிவிட்டு மணலில் அடித்துக் காட்டினேன். ஒன்றுமே இல்லை. மணல் மணலாகக் கிடந்தது. இருபது பேர் குனிந்து பார்த்தார்கள்.

"எங்கடா லைட்டு?"

"எரியுதுங்க. கண்ணுக்குத் தெரியாது."

"இன்னா, வெளையாடறியா? எவனோ கூட்டாளிய ஓடவிட்டுட்டு இங்க நின்னு கத வுடறான்!" கழுத்தில் இருந்த பிடி இறுகியது. உண்மையைச் சொல்லியும் அடிவாங்கப் போகிறேன் என்று தெரிந்தது. கன்னியப்பன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் இருந்த ஒருவர் விளக்கின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "யக்கா, உள்ள மங்கலா செவப்பு கீது. நம்ம கேமராவுல கீற மாரியே."

"உங்க போனைப் பாருங்கம்மா" என்று சொல்லி, கேமராக் கம்பத்தை நோக்கி விளக்கைத் திருப்பினேன். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. எதுவும் நடக்கவில்லை. கேமராப் படம் போனுக்கு வந்துசேரத் தாமதம் ஆகும் என்று அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் வரும்? வியர்வை கண்ணில் இறங்கியது. நான்காவது விநாடியில் அஞ்சலை அக்காவின் முகம் பளீரென்று வெளுத்தது. போன் திரை முழுக்க வெள்ளை. அணைத்தேன், சற்றுப் பொறுத்துத் திரையில் படகுகள் வந்தன. போட்டேன், வெள்ளை. எங்களைச் சுற்றி மட்டும் கும்மிருட்டு.

கழுத்தில் இருந்த கை விலகியது. யாரோ சிரித்தார். எனக்கும் உயிர் வந்தது. "அவ்வளவுதாங்க, திருடன் யாரும் இல்லை. கன்னியப்பன் மேல தப்பில்லை" என்று பெருமூச்சு விட்டேன்.

அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. தொலைநோக்கியை வாங்கிக் கண்ணில் வைத்துப் படகுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் பார்த்தார்.

"இஞ்சின் நம்பரு கூட தெரியுது" என்றார். "இத்த எவன் வேணா வாங்கலாமா?"

"வாங்கலாங்க."

"அப்ப எவன் வேணா இருட்டுல வந்து, எங்க போட்ட பகல் மாரி பாத்துகினு, எங்க கேமராவ குருடாக்கிட்டு, இஞ்சின கயட்டிகினு போலாம். நாங்க ஜன்னல தொறந்தா ஒண்ணும் தெரியாது. அப்டித்தானே?"

அக்கா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கன்னியப்பனைப் பழியிலிருந்து காப்பாற்ற நான் காட்டிய அதே வித்தை, அவர் இரண்டு மாதமாகச் சொல்லிவந்த வாதத்தின் அடியையே வெட்டிவிட்டது.

அக்கா கம்பத்தை நோக்கி நடந்தார். கன்னியப்பனின் காதில், ஆமை தோண்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"யக்கா, ஒண்ணு ஏறிகீது. அது முட்ட வச்சிட்டு போவட்டும். அப்புறம் உன் இஷ்டம்."

அஞ்சலை அக்கா சுவிட்ச் பெட்டியில் கையை வைத்தபடி நின்றார். பிறகு மணலில் உட்கார்ந்தார். "சீக்கிரம் வைக்கச் சொல்லு" என்றார்.

இருபது பேரும் போனை மடியில் கவிழ்த்துவைத்து உட்கார்ந்தோம். ஐம்பது நிமிடம். ஆமை குழியை மூடி, உடம்பால் தட்டித் தட்டிச் சமன்செய்து, கடலுக்குள் இறங்கியது. ஏழெட்டு வருட ஆசை நிறைவேறியது. சந்தோஷமாக இருந்தது என்று எழுதினால் அது பச்சைப் பொய். மணி 2.05க்கு கம்பத்து விளக்கு எரிந்தது. கண் கூசியது. அந்த வெளிச்சத்திலேயே கன்னியப்பன் குழியைத் தோண்டி முட்டைகளை எடுத்தார். 118.

விடிந்ததும் ஆட்டோவுக்குச் சாலை வரை கூடவே வந்தார். மன்னிப்புக் கேட்டேன்.

"லைட்டு எரியறது கூட போவட்டும் சார். பைய நானே பாத்தேன்னு ஊர் முன்னால சொன்னேன் பாரு. இனிமே நான் சொல்றத எவன் கேப்பான்?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. விஷயம் சொல்வது மாதிரி சொன்னார்.

இதே மாதிரி பயணம் போக நினைப்பவர்களுக்கு. அகச்சிவப்பு விளக்குகளில் பெரும்பாலும் இரண்டு வகை, 850, 940 என்று எண் போட்டிருக்கும். 850 தூரம் அடிக்கும், ஆனால் நேராகப் பார்ப்பவருக்கு மங்கலான சிவப்புப் புள்ளி தெரியும். 940இல் அதுவும் தெரியாது, தூரம் குறைவு. இரண்டுமே கேமராவுக்கும், இன்னொருவர் கையில் இருக்கும் இதே மாதிரி சாமானுக்கும் பட்டப்பகல். போன் கேமராவை நீட்டினால்கூடப் பல போன்களில் தெரிந்துவிடும். கிட்டத்தில் வைத்து விளக்கின் வாய்க்குள் பார்க்கவே பார்க்காதீர்கள்; வெளிச்சம் தெரியாததால் கண் கூசாது, கெடுதல் மட்டும் சேரும். அன்று எட்டிப் பார்த்த அந்த மனிதரைத் தடுக்க எனக்குப் புத்தி வரவில்லை. கூட்டிப்போகிறவர் விளக்கு உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்லுங்கள். வாங்கிவைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். ஆமை பார்க்க நடக்கிற கால் போதும். மொத்தச் செலவு போக வர 700 ரூபாய்க்குள் அடங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஊர்க்கூட்டம் நடந்தது. விளக்கை அணைத்துவைக்கலாம், ஆனால் கேமரா செல்லாது, ராத்திரி முழுக்கப் படகுகளோடு ஓர் ஆள் விழித்து உட்கார வேண்டும் என்று முடிவாயிற்று. விடியுமுன் கடலுக்குப் போகிற ஊரில் யார் உட்காருவார்கள்? கன்னியப்பன் உட்கார்ந்தார். கரை இருட்டாக இருக்கிறது, ஆமை ஏறுகிறது. ஆனால் முட்டை எடுக்க நடக்க வேண்டியவர் படகோடு கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறார். விடிந்து போய்ப் பார்த்தால் நாய்கள் முந்திக்கொள்கின்றன. முதல் வாரத்திலேயே மூன்று குழி போயிற்று.

இப்போது சனிக்கிழமை ராத்திரிகளில் நான் உட்காருகிறேன். அன்று அவர் நடக்கிறார். மாமல்லபுரம் பக்கம் ஆமை பார்க்க வருவதாக இருந்தால் கீழே எழுதுங்கள், ஊர்ப் பெயரை நேரில் சொல்கிறேன். ஆமை கண்ணில் படும் என்று உத்தரவாதம் இல்லை. பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை இன்ஜின்களுக்குப் பக்கத்தில் தூங்காமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. டீ அஞ்சலை அக்கா தருவார், திட்டும் சேர்த்து. சீசன் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வாரத்தில் ஆறு ராத்திரி காலி.